கில்லிமாட்டுக்கும் ஒரு தாய்வீடு

எங்கள் ஊர் கூந்தன்குளத்தில் தீபாவளிக்கு வெடி கிடையாது. கல்யாண வீட்டில் பாட்டுச் சத்தம் கொஞ்சம் கூடினாலும் யாராவது வந்து குறைக்கச் சொல்லிவிடுவார்கள். தெருவில் நிற்கும் வேம்பிலும் கருவேலத்திலும் நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கும். எங்கிருந்தோ வந்து முட்டையிட்டுப் போகிற பறவைகளை நாங்கள் தலைப்பிரசவத்துக்கு வந்த பிள்ளைகள் என்றுதான் சொல்லுவோம். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் யார் வெடி போடுவார்கள்?

அப்படிப்பட்ட ஊரில், தலைப்பிரசவத்துக்கு வரமாட்டேன் என்று சொந்த மகளே சொல்லிவிட்டால் தாய் மனசு என்ன பாடுபடும்? என் மனைவி சண்முகத்தாய் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "ஊரு பேரு தெரியாத பறவையெல்லாம் நம்ம தெருவுக்குப் பேறுகாலத்துக்கு வருது. நான் பெத்தவ வரமாட்டேங்கா" என்றாள். வாசல் தெளிக்கையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் பிளேட் வைத்து, கட்டிலோடு கிடக்கிறவள். எழுந்து நடக்க முடிந்திருந்தால் அவளே விமானம் ஏறி, மகள் காதைப் பிடித்து இழுத்து வந்திருப்பாள். முடியாததால் என்னை அனுப்பினாள். "எட்டு மாசம் பொறந்துட்டா பிளேன்ல ஏத்த மாட்டானாம். அதுக்குள்ள கூட்டிட்டு வந்து சேருங்க" என்பது உத்தரவு. அவளைப் பார்த்துக்கொள்ள அவள் தங்கை வந்து இருந்துகொண்டாள்.

நான் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். திருநெல்வேலிக்கும் மூலைக்கரைப்பட்டிக்கும் இடையில் முக்கால் ஆயுசு நின்றுகொண்டே பயணம் செய்தவன். விசா வாங்கிய கதையையும் விமானம் மாறிய கதையையும் இங்கே சொல்லப்போவதில்லை. எந்த பஸ்ஸில் ஏறினேன், எங்கே இறங்கினேன் என்று கதை சொல்லுகிறவனைக் கண்டால் எனக்கே எரிச்சல் வரும். ஸ்காட்லாந்தில், வட கடலோரத்தில் இருக்கிற அபர்தீன் என்ற ஊரில் போய் இறங்கினேன். அவ்வளவுதான்.

விமான நிலையத்தில் ஒரு அதிகாரி என் பையைத் திறந்தார். சுக்கு, பேறுகால மருந்துப் பொடி, உளுந்து மாவு எல்லாவற்றையும் மோந்து பார்த்து வைத்துவிட்டார். கருப்பட்டியை மட்டும் கையில் தூக்கிப் பார்த்து, "இது கல்லா?" என்று கேட்டார். என் இங்கிலீஷ் டிக்கெட் கொடுக்கிற அளவுக்குத்தான் வரும். பேசுவதைவிடச் செய்து காட்டுவது மேல் என்று ஒரு ஓரத்தைக் கடித்துத் தின்று காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே பையை மூடிவிட்டார்.

மகள் கோமதி கதவைத் திறந்தபோது முதலில் வயிறுதான் தெரிந்தது. "யப்பா, என்ன இப்படி மெலிஞ்சு போயிட்டிய?" என்றாள். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். ஸ்வெட்டருக்கு மேலே துண்டு போட்டுக்கொண்டு நான் விமானத்தில் வந்ததைப் பார்த்து அவளுக்கு ஒரே வெட்கம். துண்டு இல்லாமல் எனக்கு ஒரு தோள் குறைந்ததுபோல இருக்கும்.

மாப்பிள்ளை முத்துக்குமார் அம்பாசமுத்திரத்துப் பிள்ளை. அபர்தீனில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறார். அதிகம் பேசமாட்டார். முதல் நாள் சாப்பாட்டிலேயே நான் வந்த காரியத்தை எடுத்துவிட்டேன். கோமதி பருப்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அம்மையே கட்டில்ல கெடக்கா. அங்கன வந்தா என்னைய யாரு பாப்பா?"

"நீ வந்து நின்னாலே போதும், அவ எழுந்திருவா."

"எழுந்திருவா. அதான் பயமா இருக்கு. எழுந்து மறுபடி விழுவா. அப்புறம், புள்ள பொறக்கையில இவரு பக்கத்துல இருக்கணும்பா. இங்க உள்ளயே விடுதாங்க."

பிரசவ அறைக்குள் புருஷனை விடுவதா? எங்கள் காலத்தில் பிள்ளை பிறந்த சேதி போகும். தொட்டில் போடுகிற அன்றுதான் தகப்பன் மாமனார் வீட்டுக்குப் போவான். நானும் அப்படித்தான் போனேன். அதில் யாருக்கும் குறை இருந்ததாக அன்றைக்குத் தெரியவில்லை.

மறுநாள், வந்த இடத்தில் சும்மா இருப்பானேன் என்று கோமதிக்கு உளுந்தங்களி கிண்டப் போனேன். நான் அதுவரை அடுப்பங்கரையில் தண்ணீர் குடித்ததோடு சரி. போனைச் சுவரில் சாய்த்து வைத்தேன். அதில் சண்முகத்தாய் கட்டிலில் படுத்தபடி நடத்துகிறாள், நான் ஓட்டுகிறேன். கருப்பட்டிப் பாகு தளதளவென்று கொதித்தது. மாவை அப்படியே கொட்டிவிட்டேன்.

"என்ன செய்யுதிய? பச்சத்தண்ணியில கரைச்சுல்லா ஊத்தணும்!"

சொல்லி முடிப்பதற்குள் நெல்லிக்காய் நெல்லிக்காயாகக் கட்டி தட்டிவிட்டது. அடி பிடித்துப் புகை கிளம்பியது. வீட்டுக் கூரையில் ஏதோ ஒரு கருவி ஊளையிட்டது. பக்கத்து வீட்டு அம்மாள் வந்து, எல்லாரும் பத்திரமா என்று கேட்டுவிட்டுப் போனார். போனில் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. "ஆக்கிக் குடுக்கதுக்கு ஆளு இல்லாம புள்ள அங்கன கெடக்கான்னு நெனச்சேன். ஆளு போயிருக்கு, வீட்டக் கொளுத்தறதுக்கு."

கோமதி கட்டிகளை உடைத்து உடைத்து ஒரு கிண்ணம் தின்றாள். நன்றாயிருக்கிறது என்று பொய்யும் சொன்னாள்.

மூன்றாம் நாள் வெயில் அடித்தது. இருபது மைல் தள்ளி ஒரு செங்குத்துப் பாறை இருக்கிறது, நம்ம ஊர் மாதிரியே பறவையாக இருக்கும், போவோம் என்றாள் கோமதி. பஸ் ஸ்டாப்பில் என்னை நிறுத்திவிட்டுத் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனாள். பஸ் வந்தது. நான் கண்டக்டருக்குரிய மரியாதையோடு நிமிர்ந்து நின்றேன். பஸ் என்னைப் பார்த்துக்கொண்டே போய்விட்டது. ஸ்டாப்பில் நிற்கிறவனை விட்டுவிட்டுப் போகிற வித்தை எங்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். கையை நீட்டினால்தான் நிறுத்துவார்களாம்.

அடுத்த பஸ்ஸில் டிரைவர்தான் எல்லாம். கண்டக்டரே கிடையாது. அதை நினைத்து எனக்கு வருத்தம் வருவதற்குள் இன்னொன்றைக் கவனித்தேன். இறங்குகிற ஒவ்வொருவரும் டிரைவரைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டு இறங்குகிறார்கள். என் சர்வீஸில் சட்டையைப் பிடித்தவர்கள் உண்டு. நன்றி சொன்ன முகம் ஒன்றுகூட நினைவில் இல்லை. இறங்கும்போது நானும் சொன்னேன். டிரைவர் என் துண்டைப் பார்த்துவிட்டு, "குளிக்கப் போகிறீர்களா? தண்ணீர் பனிக்கட்டியாக இருக்கும்" என்றார்.

பஸ்ஸிலிருந்து இறங்கிப் புல்வெளிப் பாதையில் நடந்தோம். கண்ணுக்கு ஒரு பறவையும் படவில்லை. ஆனால் காற்று திரும்பியதும் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. பறவை எச்சமும் மீனும் கலந்த அந்த நாற்றம். கோமதி மூக்கைப் பொத்தவில்லை. நானும் பொத்தவில்லை. இரண்டு பேரும் நின்று ஆசையாக இழுத்து மூச்சு விட்டோம். சித்திரை மாதத்தில் எங்கள் தெருவில் இதே நாற்றம்தான். எச்சம் கரைந்த குளத்துத் தண்ணீர் பாயும் வயலுக்கு வேறு உரம் வேண்டாம் என்பார்கள். சொந்த ஊர் நாற்றத்தை அவ்வளவு தூரத்தில் மோந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பாறை விளிம்பில் வேலி போட்டிருந்தது. எட்டிப் பார்த்தால் கீழே கடல். நடுவில் பாறைச் சுவரில் விரல் அகலத்துக்கு ஓடும் விளிம்புகளில் ஆயிரக்கணக்கில் பறவைகள். கருப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை. பாளையங்கோட்டை கோர்ட்டு வாசலில் நிற்கும் வக்கீல்கள் போலவே இருந்தன. சிலதுக்குக் கண்ணைச் சுற்றி வெள்ளைக் கோடு. அதுகள் கண்ணாடி போட்ட சீனியர்கள். எல்லாம் ஒரே நேரத்தில் வாதாடிக்கொண்டிருந்தன.

"பென்குயினா?"

"இல்லப்பா. பென்குயின் தெக்குக் கோடியில. அதுக்குப் பறக்கத் தெரியாது. இது பறக்கும், முங்கவும் செய்யும். பேரு கில்லிமாட்."

பக்கத்தில் இன்னும் இரண்டு சாதி இருந்தன. தடித்த மூக்கில் வெள்ளைக் கோடு இழுத்தது ரேசர்பில். சிவப்பும் மஞ்சளுமாக மூக்கு, திருவிழாவுக்கு வேஷம் கட்டினதுபோல இருந்தது பஃபின். வந்தவர்கள் எல்லாரும் பஃபினைத்தான் படம் எடுத்தார்கள். எனக்கு மனசு கில்லிமாட்டிடம் போய்விட்டது. காரணம், நெரிசல். காலை வைக்க இடம் இல்லாத விளிம்பில் இன்னொன்று வந்து இறங்கும். இருக்கிறதெல்லாம் திட்டிக்கொண்டே ஆளுக்கு ஒரு அங்குலம் தள்ளி நிற்கும். "உள்ள போ, உள்ள போ" என்று என் வாய் தன்னால் சொல்லிற்று.

பச்சைச் சட்டை போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மாள் தொலைநோக்கியோடு அங்கே நின்றார். பெயர் ஜீன். பறவைகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்கிறவர். கோமதியை முன்பே தெரியும். மெதுவாகப் பேசினார், எனக்கே புரிந்தது. கூடு என்று ஒரு சுள்ளிகூட வைக்காதாம். வெறும் பாறையில் ஒரே ஒரு முட்டை. ஒரு பக்கம் கூம்பியிருப்பதால் அது உருண்டு விழாதாம். என்ன பொறுப்பில்லாத பறவை என்று நினைத்தேன். அடுத்து அவர் சொன்னது என் காதில் தேன் பாய்ந்ததுபோல இருந்தது.

"வருடம் முழுவதும் நடுக்கடலில்தான் இருக்கும். தரையை மிதிப்பது குஞ்சு பொரிக்க மட்டும்தான். பிறந்த பாறைக்கே பெரும்பாலும் திரும்பி வரும்."

நான் கோமதி பக்கம் திரும்பினேன். "கேட்டியாளா? அஞ்சறிவுள்ளது. அதுக்கே பேறுகாலத்துக்குத் தாய்வீடு வரணும்னு தெரிஞ்சிருக்கு."

கோமதி தொலைநோக்கியில் இருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "புருசனையும் கூட்டிட்டுத்தான வருதுப்பா?" என்றாள்.

ஜீன் அம்மாள் என்ன பேசுகிறோம் என்று கேட்டார். கோமதி சொன்னாள். அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் இரண்டு பஃபின்கள் பறந்துவிட்டன.

அடுத்த நாட்களில் மழை. அந்த ஊர் மழைக்கு நம்ம ஊர்ச் சாரலின் அழகும் இல்லை, ஐப்பசி அடைமழையின் கோபமும் இல்லை. நாள் முழுக்க நசநசவென்று பெய்து, வேட்டியை மட்டும் நனைத்தது. ஒரு கடையில் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கித் தின்றேன். மீன் அருமை, மிளகாய் என்ற ஒன்றை அது கண்ணால் கண்டதில்லை. கோமதி சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலம் இட்லிப்பொடியை எடுத்து நீட்டினாள். பிரசவத்துக்கு வரமாட்டாளே தவிர, வளர்ப்பு நம்ம வளர்ப்புதான்.

தினமும் காலையில் போன் வந்துவிடும். "கூட்டிட்டு வாரியளா?" என்பதுதான் முதல் பேச்சு. தங்கையை விட்டு மச்சு அறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. பிள்ளையைச் சுற்ற, தன்னுடைய பழைய நூல் சேலைகளை எடுக்கச் சொல்லி, மூன்று தண்ணீரில் அலசிக் காயப்போட வைத்து, கட்டிலில் படுத்தபடியே கையால் நீவி மடித்து வைத்திருக்கிறாள். போனைத் திருப்பி அந்த அடுக்கை எனக்குக் காட்டினாள். மகளிடம் போய்க் காட்டச் சொன்னாள். கோமதி பார்த்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அழுகிறாள் என்று தெரிந்தது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அந்த மத்தளம் நான்தான்.

ஒரு நாள் விடிந்ததும் மாப்பிள்ளை டியூட்டி முடிந்து வந்து, காபியைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "மாமா, நான் பொறக்கையில எங்கப்பா சவுதியில இருந்தாவ. நான் நடக்க ஆரம்பிச்சப்புறந்தான் லீவுல வந்தாவ. வாசல்ல விளையாடிட்டு இருந்த என்னயப் பாத்து, இது யாரு வீட்டுப் புள்ளன்னு கேட்டாவளாம்" என்று சொல்லிச் சிரித்தார். காபி குடித்து முடித்தார். "அதுக்காவ நான் தடுக்கேன்னு நெனைக்காதிய. அவ வாரேன்னு சொன்னா கூட்டிட்டுப் போங்க. அத்த மனசும் முக்கியம்லா."

சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. இப்படிச் சொன்னால் நான் என்ன செய்வது? எட்டாம் மாசம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த வாரக் கடைசியில் ஜீன் அம்மாள் கோமதிக்குப் போன் செய்தார். காற்று நின்றுவிட்டது, இன்றைக்குச் சாயங்காலம் கில்லிமாட் குஞ்சுகள் கடலுக்குக் கிளம்பும், உன் அப்பாவை அழைத்து வா என்றார். மாப்பிள்ளை காரை எடுத்தார். அந்த ஊரில் அப்போது சூரியன் மறைவதற்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும். நாங்கள் போனபோது நம்ம ஊர் நாலு மணி வெயில்போல அடித்துக்கொண்டிருந்தது. கோமதியை மேலே பெஞ்சில் உட்காரவைத்து மாப்பிள்ளை பக்கத்தில் இருந்துகொண்டார். ஜீன் அம்மாளும் நானும் படி இறங்கிக் கூழாங்கல் கரைக்குப் போனோம்.

அண்ணாந்து பார்த்தேன். மேலே விளிம்புகளில் ஒரே கூச்சல். கடலில் பாறையடியில் சில பெரிய பறவைகள் மிதந்துகொண்டு, தலையைத் தூக்கி உர்ர் உர்ர் என்று கத்திக்கொண்டிருந்தன. அப்போதுதான் அது விழுந்தது. கைப்பிடி அளவுக் குஞ்சு. இறக்கை என்று பேருக்கு இரண்டு குச்சி. தென்னைமரம் ஏழெட்டை ஒன்றன்மேல் ஒன்று நிறுத்தின உயரத்திலிருந்து, காலை விரித்துக்கொண்டு வந்து, பாறையில் ஒருமுறை பட்டுத் தெறித்து, கடலில் விழாமல் எங்கள் முன்னால் கல்லில் வந்து விழுந்தது.

கூந்தன்குளத்துக்காரனுக்கு இந்த இடத்தில் ஒரே ஒரு காரியம்தான் தெரியும். சித்திரை வைகாசிக் காற்றில் கூட்டிலிருந்து குஞ்சு விழுந்தால், யார் வீட்டு வாசலில் விழுந்ததோ அவர்கள் ஓடிப்போய் எடுக்க வேண்டும். துண்டைத் தலைமேல் போட்டால் அடங்கிவிடும். தூக்கி வந்து மீன் கொடுத்து, இறக்கை முளைக்கிற வரை வைத்துக் காப்பாற்ற வேண்டும். நாய் வாயில் போக விட்டால் ஊருக்கே பாவம். நான் யோசிக்கவே இல்லை. துண்டை வீசினேன், குனிந்தேன், அள்ளினேன். அந்தக் குஞ்சு என் இரண்டு கைக்குள் இருந்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, அதற்கும் எனக்கும். பிழைத்துக்கொண்டது என்று சந்தோஷம் தாங்கவில்லை.

"ஐயோ, வேண்டாம்! விட்டுவிடுங்கள்!" என்று ஜீன் அம்மாள் கத்திக்கொண்டு வந்தார்.

எனக்குக் கோபம். "விழுந்துருச்சும்மா! ஃபால்! பேபி ஃபால்!" என்றேன்.

"விழவில்லை. குதித்தது" என்றார் அவர். மூச்சு வாங்கியது அவருக்கு. "அங்கே பாருங்கள், கூப்பிடுவது அதன் அப்பா."

கடலைப் பார்த்தேன். மற்றவற்றை விட்டு விலகி ஒரு பறவை மட்டும் கரைக்கு நெருங்கி வந்து, நேராக என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. துண்டுக்குள்ளிருந்து கீச்சென்று பதில் போயிற்று. மறுபடி அது கூப்பிட்டது. மறுபடி இது பதில் சொன்னது. ஜீன் அம்மாள் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பறக்கத் தெரிவதற்கு முன்பே குஞ்சு குதித்துவிடும். அப்பன் கீழே நின்று கூப்பிடும். குரலை வைத்தே ஒன்றை ஒன்று கண்டுபிடிக்கும். சேர்ந்த பிறகு இரண்டும் நடுக்கடலுக்குப் போகும். அங்கே அப்பன்தான் மீன் கொடுத்து வளர்க்கும். இந்தக் குஞ்சை எடுத்துக்கொண்டு போய் நீங்கள் எவ்வளவு மீன் போட்டாலும் அதற்கு அப்பன் கிடைக்காது.

நான் அப்படியே நின்றேன். தப்பு செய்துவிட்டோம் என்ற வெட்கம் ஒரு பக்கம். கைச்சூட்டில் இருக்கிறதை விடவும் மனசில்லை. அதன் நெஞ்சு இன்னும் என் விரலில் அடித்துக்கொண்டிருந்தது. கடலில் அந்த அப்பன் கத்துவதை நிறுத்தவே இல்லை. எனக்கு என் மாப்பிள்ளை காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்த காட்சி வந்து நின்றது. நான் வந்த காரியமும் இதுதானே என்று சுருக்கென்று தைத்தது.

பாசி பிடித்த கல்லில் இறங்கினேன். முதல் அடியிலேயே வழுக்கி முழங்கால் வரை கடலுக்குள் போனேன். டிரைவர் சொன்னது சரிதான், பனிக்கட்டித் தண்ணீர். குஞ்சை மட்டும் நனையாமல் தூக்கிப் பிடித்திருந்தேன். கடலில் விடப்போகிறதை நனையாமல் பிடித்திருந்த புத்தியை என்ன சொல்ல! குனிந்து துண்டை விரித்தேன். "போ மக்கா, பைய போ" என்றேன். அது ஒரு நொடி கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. காலை அடித்து அடித்து அலைமேல் ஏறி நேரே போயிற்று. அந்தப் பெரியது விரைந்து வந்து அலகால் அதைத் தொட்டது. கத்தல் நின்றது. இரண்டும் சேர்ந்து வெளிக்கடலைப் பார்த்துத் திரும்பின. சின்னது பெரியதின் விலாவோடு ஒட்டிக்கொண்டே போவது நெடுநேரம் தெரிந்தது.

"தாய்?" என்று கேட்டேன். தாய் அந்தப் பாறை விளிம்பிலேயே இன்னும் கொஞ்ச நாள் நிற்கும் என்றார் ஜீன் அம்மாள்.

மேலே ஏறி வந்தேன். கோமதி நனைந்த வேட்டியைப் பார்த்துவிட்டு, "யப்பா, சளி பிடிக்கப் போவுது" என்று திட்டினாள். கடலில் நனைந்த துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, பெஞ்சில் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்காராமல், ஓரமாக உட்கார்ந்தேன்.

"நீ வர வேண்டாம்ளா. நான் இருக்கேன்" என்றேன்.

கோமதி என் ஈரத் தோளில் சாய்ந்துகொண்டாள். மாப்பிள்ளை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார், மூக்கை உறிஞ்சினார். குளிர் காற்று என்று நான் நினைத்துக்கொண்டேன்.

காரியம் அத்தோடு முடியவில்லை. மறுநாள் காலை போன் வந்தது. நான் எடுத்து, குஞ்சு கதை முழுவதையும் ஒன்று விடாமல் சொன்னேன். கடைசியில், கூட்டிக்கொண்டு வரவில்லை, நான் இங்கேயே இருந்து பார்த்துக்கொண்டு வருகிறேன் என்றேன். சண்முகத்தாய் பக்கத்தில் இருந்த சேலை அடுக்கை மறுபடி ஒருமுறை நீவினாள். 

"தாயி பாறையிலயே நிக்குன்னு சொன்னியல்லா. குஞ்சு போனப்புறம் அதுக்கு அங்கன என்ன சோலி?" என்றாள்.

ஜீன் அம்மாளிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தாலும் இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருந்திருக்குமா? சண்முகத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நானும் துடைத்துக்கொண்டேன்.

பிறகு அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "சரி. களிக்கு மாவ எதுல கரைக்கணும்?"

"பச்சத்தண்ணியில."

"எண்ணெய?"

"கட்டியாயி வரும்போது. சுத்திக் கொஞ்சங் கொஞ்சமா."

"கிண்டுத கைய?"

"எடுக்கவே கூடாது."

"ம்." பாஸா பெயிலா என்று சொல்லவில்லை. "முத்துக்குமார் கூட்டாளி யாரோ அடுத்த மாசம் ஊருக்கு வந்துட்டுத் திரும்புதானாம்லா. பழஞ்சேலைய அவன்கிட்ட குடுத்து விடுதேன். அங்கன உள்ள துணியெல்லாம் புள்ளைக்கு உறுத்தும்."

சேலை வந்து சேர்ந்தது. பிரித்தபோது எங்கள் வீட்டுப் பீரோ வாசனை அடித்தது. அதற்குள் நான் பூண்டுக் குழம்பு வரை தேறிவிட்டேன். கூரையில் இருந்த கருவியும் என்னோடு சமாதானமாகிவிட்டது.

வலி எடுத்த அன்று மாப்பிள்ளை கோமதியோடு உள்ளே போனார். நான் தூக்குவாளியில் களியோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் வேலையில் உட்காருவதற்காக ஏங்கியிருக்கிறேன். அன்றைக்கு உட்கார முடியாமல் நடந்தேன். கடைசியில் கதவு திறந்து மாப்பிள்ளை வந்தார். முகமெல்லாம் கண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. கையில் போன் இருந்தது. பெண் பிள்ளை. பிறந்த நிமிஷத்திலேயே போனைத் திருப்பிக் காட்டியிருக்கிறார். எனக்கு முன்னால் சண்முகத்தாய் பேத்தி முகத்தைப் பார்த்துவிட்டாள். அங்கே கட்டிலில் கிடந்துகொண்டே பார்த்துவிட்டாள்.

போனுக்குள்ளிருந்து அவள் குரல் கேட்டது. அழுகையும் அதட்டலுமாக இருந்தது.

"இங்கேருங்க, அந்தக் களியக் கொண்டு போயிக் குடுத்திராதிய. ஆறிப் போயிருக்கும். புதுசாக் கிண்டிச் சூடாத்தான் குடுக்கணும். அத நீங்களே தின்னுங்க."

தூக்குவாளியைத் திறந்து அங்கேயே உட்கார்ந்து தின்றேன். கட்டி தட்டாமல் வந்திருந்தது.